பாறை எந்தப் பக்கம்

வெண்டி ஸ்டாதர் தேர்தலில் நிற்கப் போவதாகச் சொன்னபோது நாங்கள் இருவரும் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசித்துக்கொண்டிருந்தோம். அவள் அரசியல் பேசி நான் கேட்டதே இல்லை. ஓட்டுப் போடும் நாளில் மழை பெய்தால் நேராக வீட்டுக்குப் போய்விடுகிற ஆள்.

"ராட்னியை எதிர்த்தா?" என்று கேட்டேன்.

"வேற யாரு இருக்கா எதிர்க்க?"

ராட்னி பெல்லமி எங்கள் வார்டின் கவுன்சிலர். என் மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே அவர்தான். கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குளிர்காலத்தில் கவுன்சில் ஒரு தீர்மானம் போட்டது. அதற்கு அவரும் கை தூக்கினார்.

எங்கள் ஊரான ஸ்கார்த்விக்கில் கடல் நிலத்தைத் தின்பது எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் கரை வெறும் களிமண். குளிர்காலம் முழுக்க மழை உள்ளே இறங்கி ஊறும். கீழே அலை அறுத்துக்கொண்டே இருக்கும். பிறகு ஒருநாள், வெயில்கூட அடித்துக்கொண்டிருக்கும், ஒரு துண்டு அப்படியே வழுக்கிக்கொண்டு போய்விடும். ஊருக்கு முன்னால் மட்டும் பெரிய பாறைகளைக் கொட்டி அரண் கட்டியிருக்கிறார்கள். எங்கள் பீக்கன் தெரு தொடங்கும் இடத்தில் அந்த அரண் முடிகிறது. அதை இனி நீட்டுவதில்லை, தெருவைக் கடலின் போக்கிலேயே விட்டுவிடுவது என்பதுதான் அந்தத் தீர்மானம்.

தெருவில் கடல் பக்கக் கடைசி வீடு வெண்டியுடையது. அதிலிருந்து மூன்றாவது வீடு என்னுடையது. அந்த வீடுகளை இனி யாரும் வாங்க மாட்டார்கள், எந்தக் காப்பீட்டுக்காரனும் ஏற்க மாட்டான். வெண்டியின் கணவர் க்ளைவ் நண்டுப் படகு ஓட்டியவர். நுரையீரல் கெட்டுப்போய் இப்போது மாடிப்படிகூட ஏற முடியாது. அடுக்களை ஜன்னல் ஓரம் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் கடலைப் பார்த்தபடி இருப்பார்.

"நீ ஜெயிச்சா பாறை போடுவாங்களா?" என்று நான் வெண்டியிடம் கேட்டேன்.

"போட வைப்பேன்," என்றாள். மசிப்பதை நிறுத்தவில்லை.

இருவரும் வீடு வீடாகப் போனோம். துண்டறிக்கையில் ஒரே ஒரு வரிதான் பெரிதாக இருந்தது: பீக்கன் தெருவுக்குப் பாறை அரண். சில வீடுகளில் தேநீர் கொடுத்தார்கள். சில வீடுகளில் நாய் மட்டும் வந்து குரைத்துவிட்டுப் போனது. மலைப்பக்கம் இருக்கிற புது வீடுகளில், "கடல் எங்க இருக்கு, நாங்க எங்க இருக்கோம்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். வெண்டி ஒவ்வொரு கதவுக்கும் போனாள். கதவு திறப்பதற்கு முன் முகத்தில் ஒரு சிரிப்பைப் போட்டுக்கொள்வாள். மூடியதும் அது விழுந்துவிடும்.

சாண்ட்ஹோம் மைதானத்துக்கு மட்டும் அவள் போகவில்லை. எங்கள் தெருவுக்குத் தெற்கே, ஓடையைத் தாண்டினால் சாண்ட்ஹோம். சக்கரத்தின் மேல் பெட்டி வைத்ததுபோல அறுபது எழுபது கேரவன் வீடுகள். ஓய்வுபெற்றவர்கள், விவாகரத்தாகி வந்தவர்கள், ஓட்டலில் படுக்கை விரிக்கிற பெண்கள் எல்லாரும் வருஷம் முழுக்க அங்கேயே வசிக்கிறார்கள். வெண்டியின் தங்கை கெயிலும் அங்கேதான்.

அவள் ஏன் போகவில்லை என்பது எனக்குத் தெரியும். மார்ச்சில் கவுன்சிலின் இன்ஜினியர் பெண் ஒருத்தி வந்து, கரையில் குனிந்து, மணலில் காலணியால் கோடு போட்டு எங்கள் இருவருக்கும் விளக்கினாள். கடலோட்டம் வடக்கிலிருந்து தெற்காக மண்ணை எடுத்துக்கொண்டு போகிறது. ஓரிடத்தில் பாறை போட்டு மண்ணைப் பிடித்துவிட்டால், அடுத்த இடத்துக்கு வர வேண்டிய மண் வராது. அங்கே கரை இன்னும் வேகமாக அறுபடும். ஊர் அரண் எங்கள் தெருவுக்குச் செய்தது அதைத்தான். எங்கள் தெருவுக்குப் பாறை போட்டால் அடுத்தது சாண்ட்ஹோம். வெண்டி எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டினாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தேர்தலுக்கு முந்தைய வாரம் தேவாலயக் கூடத்தில் கூட்டம். வெண்டியும் ராட்னியும் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ராட்னி வழக்கம்போல, "செய்ய முடியாததைச் செய்றேன்னு சொல்ல எனக்கு வராது," என்றார். எங்கள் தெருக்காரர்கள் கூச்சல் போட்டார்கள். வெண்டி பேசியபோது கை தட்டினார்கள். அப்போது பின்வரிசையில் கெயில் எழுந்தாள்.

"ஒரு கேள்வி. உங்க தெருவுக்குப் பாறை போட்டா எங்க பக்கம் வேகமா அறுக்கும்னு அந்த இன்ஜினியர் பொண்ணு சொன்னாளாமே. அது உண்மையா இல்லையா?"

வெண்டி தண்ணீர் குடித்தாள். "உண்மையில்ல," என்றாள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது கெயில் வாசலில் காத்திருந்தாள்.

"சின்ன வயசுல பொய் சொன்னா காதைத் தொடுவ. இன்னிக்கும் தொட்ட."

"வழிவிடு, கெயில்."

"உன் வீடு போனா எங்கிட்ட வரலாம். என் வீடு போனா நான் எங்கடி போவேன்?"

"உன் பெட்டிக்குள்ள மூணு பேரா? திரும்பினா முட்டிக்கும்."

"முட்டிக்கட்டும். நனையாம இருப்போம்ல."

வெண்டியின் குரல் உடைந்தது. "அவருக்கு அந்த ஜன்னல் இல்லன்னா ஒரு மாசம் தாங்க மாட்டாரு. உனக்குப் புரியாது."

"எனக்கு நல்லாப் புரியுது. உன் புருஷனோட ஜன்னலுக்காக எழுபது வீட்டைக் காவு கேக்கற."

மறுநாள் கெயிலின் கேரவன் ஜன்னலில் ராட்னியின் படம் ஒட்டியிருந்தது. ஓடையைத் தாண்டி எங்கள் தெருவிலிருந்து பார்த்தாலே தெரிந்தது. அக்காவும் தங்கையும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை.

ஓட்டுப்போடும் நாளுக்கு முன்பு ஒரு வாரம் விடாமல் மழை. அன்று காலை மழை விட்டிருந்தது. வெண்டியும் நானும் படகுச் சங்கக் கட்டடத்தில் இருந்த வாக்குச்சாவடி வாசலில் நின்றுகொண்டிருந்தோம். பத்து மணி இருக்கும். என் பக்கத்து வீட்டுக்காரர் காரை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவந்தார்.

"வெண்டி, உன் தோட்டம் போயிடுச்சு. க்ளைவ் உள்ளதான் இருக்காரு. வர மாட்டேங்கறாரு."

போய்ப் பார்த்தோம். புல்வெளி, கொட்டகை, துணிக்கொடி எதுவும் இல்லை. அடுக்களைச் சுவருக்கு அப்பால் ஒரு மேஜை அளவு மண்தான் மிச்சம். பிறகு வானம். கவுன்சிலின் கட்டட அதிகாரி தெருவின் குறுக்கே வேலி வைத்துக்கொண்டிருந்தார். எரிவாயுவை நிறுத்திவிட்டார்கள்.

"அம்மா, இன்னிக்கே காலி பண்ணணும். இன்னிக்குன்னா இப்பவே," என்றார்.

க்ளைவ் நாற்காலியில் அதே இடத்தில் இருந்தார். மேலங்கிகூடப் போட்டிருந்தார், ஆனால் கைப்பிடியை விடவில்லை.

"நாளைக்கு ஓட்டு எண்ணிடுவாங்க," என்றார் மூச்சுக்கு நடுவில். "நீ ஜெயிச்சா பாறை வருது. ஒரு நாள் தாங்காதா?"

வெண்டி அவர் முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். தரையில் எங்கோ ஒரு ஓடு டிக்கென்று விரிசல் விட்டது.

"க்ளைவ், நான் ஜெயிச்சாலும் பாறை வராது."

அவர் அவளைப் பார்த்தார்.

"பணம் இல்ல. கேட்டு வாங்கவே வருஷக்கணக்காகும். வந்தாலும் நமக்கு வராது. அப்ப இந்த வீடு இருக்காது."

"அப்ப ஊரெல்லாம் ஏன் அதைச் சொன்ன?"

"வேற என்ன சொல்ல? நீ தினமும் என் மூஞ்சியைப் பார்த்துட்டு உக்காந்திருந்த."

நான் கதவருகில் நின்றிருந்தேன். என் கைப்பையில் மிச்சத் துண்டறிக்கைகள் இருந்தன. அவளுக்கு நான் கதவருகில் இருப்பது தெரியும். திரும்பிப் பார்க்கவில்லை. க்ளைவ் நாற்காலியை விடவும் இல்லை. கோபமா துக்கமா என்று தெரியவில்லை, உதடு நீலம் பாய்ந்துகொண்டு வந்தது.

அப்போதுதான் கெயில் உள்ளே வந்தாள். வேலி வைத்த அதிகாரியை என்ன சொல்லித் தாண்டினாளோ தெரியாது. அக்காவைத் தாண்டி நேராக க்ளைவிடம் போனாள். க்ளைவின் ஒரு தோளுக்கடியில் கை கொடுத்தாள்.

"எந்திரி, கிழவா. என் வேன் நடுரோட்டுல நிக்குது, அபராதம் போட்டா நீதான் கட்டணும்."

வெண்டி மறு தோளைப் பிடித்தாள். இருவரும் அவரை நாற்காலியிலிருந்து பிரித்து, நடத்தி, பாதியில் தூக்கி, வெளியே கொண்டுவந்தார்கள். அவர் ஒருமுறைகூடத் திரும்பவில்லை. அன்று மதியம் முழுக்க உடுப்பும் மருந்தும் பாத்திரமும் பெட்டி பெட்டியாகக் கெயிலின் வேனில் போயின. நான் வாக்குச்சாவடிக்குத் திரும்பிப் போகவில்லை. பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். துண்டறிக்கைகளைக் கண்ணாடிக் குவளைகளுக்கு நடுவில் திணித்தேன்.

சாயங்காலம் சாண்ட்ஹோமில், க்ளைவைக் கெயிலின் படுக்கையில் படுக்க வைத்துவிட்டு மூவரும் வெளியே நின்றோம். வெண்டி திடீரென்று கெயிலிடம் கேட்டாள்.

"நீ இன்னும் ஓட்டுப் போடலல்ல?"

"எங்க போறது? வேன் பூரா உன் சட்டிப்பானை."

"பெவ், கார் சாவியைக் குடு," என்று என்னிடம் கை நீட்டினாள்.

"வெண்டி," என்றாள் கெயில், "உனக்குப் போட மாட்டேன். தெரியும்ல?"

"தெரியும். ஏறு."

நான் பின்சீட்டில் இருந்தேன். வாக்குச்சாவடி வாசலில் வெண்டி காரை நிறுத்தினாள். கெயில் பையைத் துழாவி, படம் போட்ட அடையாள அட்டையைத் தேடிப் பிடித்து, இறங்கி உள்ளே போனாள். வெண்டி இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தோட்டத்தைப் பார்த்தபோதும் அழாதவள் அங்கே அழுதாள். கெயில் வருவதற்குள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை விளையாட்டரங்கில் எண்ணினார்கள். வெண்டி ஜெயித்துவிட்டாள். பதினாலு ஓட்டு வித்தியாசம். தோட்டம் போன செய்தி மதியத்துக்குள் ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. கடல் எங்கே இருக்கிறது என்று கேட்ட மலைப்பக்கத்துக்காரர்கள்கூட வேலை விட்டு வரும் வழியில் நின்று ஓட்டுப் போட்டிருக்கிறார்கள். ராட்னி வந்து கைகொடுத்தார்.

"பணம் கிடையாது, வெண்டி," என்றார், மற்றவர்களுக்குக் கேட்காதபடி. "நானும் வருஷா வருஷம் கேட்டேன். உன்னை ஏமாத்தறதுக்காகச் சொல்லல."

மேடையில் ஏறி நன்றி சொன்னாள். நேற்று உடுத்திய சட்டைதான், கையில் களிமண் காய்ந்திருந்தது. எங்கள் தெருக்காரர் ஒருவர் கீழேயிருந்து கேட்டார்: "பாறை எப்ப வரும்?"

"கேக்கறேன்," என்றாள். அந்தச் சொல்லைச் சொல்ல அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

அடுத்த வாரம் கவுன்சில் மண்தோண்டி இயந்திரத்தைக் கொண்டுவந்து அவள் வீட்டை இடித்தது. கடலில் விழுந்தால் குப்பை கரை முழுக்க ஒதுங்கும் என்பதால் விழுவதற்கு முன்பே இடித்துவிடுவார்கள். ஒரு காலை நேரம் போதுமானதாக இருந்தது. க்ளைவ் பார்க்க வரவில்லை. கெயிலின் கேரவனில் அவர் படுத்த இடத்திலிருந்து பார்த்தால் எதிர்க் கேரவனின் எரிவாயு உருளைகள்தான் தெரிந்தன. ஜூன் முடிவதற்குள் இறந்துபோனார்.

அடக்கம் முடிந்த இரண்டாவது வாரம் கவுன்சில் கூட்டம். பீக்கன் தெருவிலிருந்து நாங்கள் பத்துப் பேர் பார்வையாளர் பக்கம் போய் உட்கார்ந்தோம். வெண்டி எழுந்தாள். பாறை என்ற சொல்லை எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் சொல்லவில்லை. எங்கள் தெருவுக்கும் சாண்ட்ஹோமுக்கும் சேர்த்து, ஊருக்கு உள்ளே தள்ளி ஒரு நிலம் வேண்டும், எல்லாரையும் அங்கே குடியேற்ற வேண்டும் என்று கேட்டாள். தேர்தலுக்கு முன் தேவாலயக் கூடத்தில் தான் சொன்னது பொய் என்றும் சொன்னாள். எங்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

ஓட்டெடுத்தார்கள். அவளோடு மூன்று கைகள் எழுந்தன. அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் என் பக்கத்து வீட்டுக்காரர் அவள் காலடியில் காறித் துப்பினார். "தங்கச்சி வீட்டுச் சோறு ருசிச்சுப் போச்சு," என்றார் இன்னொருவர். வெண்டி பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தாள்.

திங்கட்கிழமை சமையலறையில் நான் அவளோடு பேசாமல் கேரட் நறுக்கினேன். கடைசியில் அவளே கேட்டாள். "கோபமா, பெவ்?"

"ஆமா. நான் உனக்காகக் கதவு கதவாத் தட்டினேன்."

"தெரியும்."

"அந்தப் பக்கம் குடிபோனதும் மனசு மாறிடுச்சா?"

அவள் கத்தியை வைத்தாள். "அங்க படுத்தா அலை கரையை அறுக்கிற சத்தம் கேக்குது, பெவ். நம்ம தெருவுல கேட்ட அதே சத்தம். பக்கத்து வண்டியில ஒரு பொண்ணு, கைக்குழந்தைக்காரி. அவளும் அதைக் கேட்டுட்டு முழிச்சிருக்கா. அவகிட்ட நான் எப்படிப் பாறை கேக்கறது?"

நான் அடுத்த கேரட்டை எடுத்தேன். கோபம் போகவில்லை.

அக்டோபரில் என் வேலி விழுந்தது. பின்வாசலைத் திறந்து பார்த்தேன். இரண்டு கம்பங்கள் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தன, கீழே அலை பழுப்பாக அடித்துக்கொண்டிருந்தது. யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் கவுன்சிலரைக் கூப்பிட்டேன். கவுன்சிலர் வெண்டிதான். கெயிலின் வேனில் ரப்பர் பூட்ஸோடு வந்தாள். விளிம்பைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

"அடுத்த மாசம் அந்த நிலத்தைத் திரும்பக் கேக்கப் போறேன்," என்றாள்.

"கிடைக்குமா?"

"கிடைக்காது."

தோட்டத்தில் என் கணவர் செய்த மரப்பெஞ்சு ஒன்று இருந்தது. அவள் போய் அதன் ஒரு முனையைப் பிடித்தாள். "மறுபக்கம் பிடி," என்றாள். பிடித்தேன். வீட்டைச் சுற்றி வாசல் பக்கம் கொண்டுபோய் வைத்தோம். பிறகு பூந்தொட்டிகளுக்காகத் திரும்பிப் போனோம்.