கரையில் காத்திருந்த பெட்டிகள்

துருவ ஆய்வுக் கப்பல் ‘ஸரூபின்’ இப்போது சுற்றுலாக் கப்பல். சோவியத் நாடு உடைந்தபின் ஆராய்ச்சிக்குக் காசில்லை. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அதை வாடகைக்கு எடுத்துக்கொண்டது. கடல்நீரைச் சோதித்த ஆய்வுக்கூடத்தில் மது ஊற்றிக் கொடுக்கிறார்கள். பனிக்கட்டி ஆய்வாளர் ரிம்மாவும் கப்பலோடு சேர்ந்து கைமாறினாள். பயணிகளுக்குப் பென்குயின் காட்டுவதும் மொழிபெயர்ப்பதும் அவள் வேலை.

அன்று அண்டார்டிகாவில் ருஷ்ய நிலையம் ஒன்றின் முன் நின்றார்கள். கேப்டன் ரேடியோவில் “வருகிறோம்” என்று மட்டும் சொல்லியிருந்தார். எதற்கு வருகிறோம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதை ரிம்மாவின் தலையில் கட்டிவிட்டார்.

சிவப்புக் குளிர்ச்சட்டை போட்ட பயணிகளோடு அவளுடைய ரப்பர் படகு கரையை நெருங்கியது. நிலையத்து ஆட்கள் தாடி மழித்து, தலை வாரி நின்றார்கள். பக்கத்தில் கயிறு கட்டிய பெட்டிகள். போன வருஷம் இதே கப்பல்தான் அவர்களை இங்கே இறக்கிவிட்டது. “அடுத்த கோடையில நானே வந்து கூட்டிட்டுப் போறேன்” என்று சொன்னவளும் இவள்தான்.

நிலையத் தலைவர் யெஃபிம், வருபவர்களை வரவேற்கும் ருஷ்ய வழக்கப்படி, ரொட்டியும் உப்பும் ஏந்தி வந்தார்.

“வந்துட்டியாம்மா. இவனுங்க காலையிலேர்ந்து பெட்டி மேலேயே உக்காந்திருக்கானுங்க. யாரு இந்தச் சிவப்புச் சட்டைக்காரங்க? எங்களுக்கு மாத்து ஆளுங்களா? எல்லாம் கிழடா இருக்கே.”

“சுத்திப் பாக்க வந்தவங்க. கப்பல்ல எல்லா அறையும் அவங்களுக்குத்தான். உங்களை ஏத்த எங்களுக்கு உத்தரவு இல்ல, யெஃபிம் சவேலியெவிச்.”

“வேற கப்பல் வருதா?”

“தெரியல.”

அவர் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தார். நாலு வார்த்தை திட்டித் தொலைக்கக் கூடாதா என்று அவளுக்கு இருந்தது.

கேமராவோடு வந்த ஒரு பாட்டியம்மா பெட்டிகளைக் காட்டி, “இவங்க ஊருக்குக் கிளம்புறாங்களா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

பயணிகளின் மனம் நோகக் கூடாது என்பது கம்பெனியின் கட்டளை.

“இல்லைங்க. பழைய சாமான். தூக்கிப் போட வச்சிருக்காங்க” என்றாள் ரிம்மா, ஆங்கிலத்திலேயே. நாக்கு எப்படித்தான் புரண்டதோ. போன வருஷம் வரும் வழியெல்லாம் யெஃபிமுக்கு அந்த மொழியைச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். அது சொல்லி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

யெஃபிம் தன் ஆட்கள் பக்கம் திரும்பினார். “டேய், இந்தப் பழைய சாமானை உள்ளே கொண்டுபோய்ப் போடுங்கடா. பாட்டியம்மாவுக்குப் போட்டோ நல்லா விழணும்ல.”

பிறகு ரொட்டியைப் பாட்டியம்மாவிடம் நீட்டினார். அடுத்து ரிம்மாவிடம் நீட்டினார்.

“நீயும் எடுத்துக்கம்மா. உனக்காகச் சுட்டதுதான்.”

அவள் பிட்டு, உப்பில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டாள். பெட்டிகள் ஒவ்வொன்றாக உள்ளே போயின.