சுந்தரி என்ற பெயரில் ஆறு பேர்

விளக்கக் கடிதம் முன்கூட்டியே டைப் அடித்துத் தயாராக இருந்தது. சண்முகசுந்தரி கீழே கையெழுத்துப் போடுவது ஒன்றுதான் பாக்கி.

'செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு எனது கவனக்குறைவால், ஆறுமுகம் என்ற நோயாளிக்கு வேறு பிரிவு ரத்தம் ஒதுக்கப்பட்டுவிட்டது' என்று ஆரம்பித்தது. அவள் அந்த வரிக்கு மேல் படிக்கவில்லை. தாளைக் கவிழ்த்து மேஜைமேல் வைத்தாள்.

“செவ்வாய்க்கிழமை நான் லீவு சார். சேரன்மாதேவியில எங்க சித்தி மகளுக்குக் கல்யாணம். பதினொன்னு இருபதுக்கு நான் பந்தியில உக்காந்திருந்தேன்.”

மருத்துவமனையின் நிர்வாக அலுவலர் குமரகுருபரன் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். “லீவுங்கது எனக்கும் தெரியும் மேடம். ஆனா சிஸ்டத்துல உங்க பேருதான இருக்கு? சாஃப்ட்வேர் கம்பெனிக்காரங்க அனுப்புன ரிப்போர்ட்லயும் அதேதான். கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா?”

“சொல்லாது. ஆனா யாரு எதைச் சொன்னாலும் நம்பிரும்.”

“கையெழுத்துப் போட்டா இத்தோட முடிஞ்சிரும். சஸ்பெண்ட் எல்லாம் ஒண்ணும் கிடையாது. ஃபைலை மூடணும், அவ்வளவுதான்.”

“ஃபைல் மூடும். அடுத்த ஆறுமுகத்துக்கு யாரு பதில் சொல்லுவா?” என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

பாளையங்கோட்டையில் இருந்த அந்தத் தனியார் மருத்துவமனையின் ரத்த வங்கியில் சுந்தரிக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். இத்தனை வருடத்தில் அவள் மேல் ஒரு புகார் வந்ததில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் மருத்துவமனை முழுக்கப் புதிய மென்பொருள் போட்டார்கள். ரத்த வங்கியில் மூத்தவள் அவள்தான் என்று அவள் பெயரில் ஒரே ஒரு லாகின் கொடுத்தார்கள். ஆளுக்கு ஒன்று வேண்டும் என்று அவள் முதல் நாளே கேட்டாள். “எல்லாரும் ஒரே குடும்பம்தான மேடம், பொறவு பாத்துக்கலாம்” என்றார் குமரகுருபரன். அந்தப் பொறவு இன்னும் வரவில்லை. மூன்று ஷிஃப்டிலும் ஆறு பேர் சண்முகசுந்தரியாக உள்ளே போய்ச் சண்முகசுந்தரியாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

இதில் பாதுகாப்புக்கு ஒரு குறைச்சலும் இல்லை என்று கம்பெனி சொன்னது. மாதம் ஒரு தடவை பாஸ்வேர்டை மாற்றியே ஆக வேண்டும். பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, குறி ஒன்று இருக்க வேண்டும். பழைய பாஸ்வேர்டைத் திரும்ப வைக்கக் கூடாது. சுந்தரிக்கு அதை நினைத்தாலே எரிச்சல் வரும். மாதா மாதம் புதிதாக ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ள எந்த மனுஷனால் முடியும்? அதனால் எல்லாரும் செய்வதை அவளும் செய்தாள். தன் பெயர், அட் குறி, அதன் பின்னால் ஒரு எண். மாதம் பிறந்தால் எண்ணில் ஒன்று கூடும். இந்த மாதம் பத்தொன்பது. பத்து நிமிஷம் தொடாமல் இருந்தால் திரை தானே பூட்டிக்கொள்ளும். கையில் ரத்த மாதிரிக் குழாயோடு நிற்கிறவள் கையுறையைக் கழற்றி, கை கழுவி, மறுபடியும் டைப் அடிக்க வேண்டும். ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள்கூட வந்து பார்க்காதவன் குளுகுளு அறையில் இருந்து எழுதிய சட்டம் இது என்பது அவள் கட்சி. பூட்டைப் பெரிதாகப் போட்டுச் சாவியை எல்லார் கையிலும் கொடுத்துவிட்டால் பாதுகாப்பு என்று பெயரா என்று யாரிடம் பேசினாலும் கேட்பாள்.

செவ்வாய்க்கிழமை நடந்தது இதுதான். அன்றைக்கு வார்டில் இரண்டு ஆறுமுகம் இருந்தார்கள், கணினிப் பட்டியலிலும் அடுத்தடுத்து. ஒருவர் பி பாசிட்டிவ், மற்றவர் ஓ பாசிட்டிவ். பி பாசிட்டிவ் ஆறுமுகத்துக்காகச் சரியாகப் பொருத்திப் பார்த்த பையில், கணினி மற்ற ஆறுமுகத்தின் பெயரை அச்சடித்து ஒட்டக் கொடுத்துவிட்டது. பை வார்டுக்கும் போய்விட்டது. அங்கே சாரம்மாள் சிஸ்டர் இருந்தார். எந்த மென்பொருள் வந்தாலும் கட்டில் பக்கத்தில் நின்று, பையையும் நோயாளியின் கேஸ் ஷீட்டையும் ஒன்றாகப் பிடித்து, சத்தமாகப் படித்துப் பார்க்காமல் ரத்தம் ஏற்ற மாட்டார். “பையில பி. சீட்டுல ஓ. யாரு பாத்த வேலை இது?” என்று அவர் போட்ட சத்தம் மாடி வரைக்கும் கேட்டதாம். அந்த மனுஷர் பிழைத்தார். மறுநாள் காலையில் சுந்தரி வேலைக்கு வந்தபோது கடிதம் காத்திருந்தது.

நிர்வாக அறையில் இருந்து திரும்பியதும், ஜெபஸ்டின் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நிற்பதைப் பார்த்தாள். அவளுக்கு அடுத்த நிலையில் இருக்கிற டெக்னீஷியன். பத்து வருடமாகக் கூட வேலை பார்க்கிறவன். முகம் வெளிறியிருந்தது.

“அக்கா, அன்னைக்கு நான்தான் டூட்டி.”

“தெரியும்.”

“சரியாத்தான் அமுக்குனேன். கர்த்தர் அறிய, அந்தப் பேரு மேலதான் வச்சு அமுக்குனேன். அந்த நேரம் பாத்து லிஸ்டு நகந்துட்டு.” அவன் வாசலைப் பார்த்துத் திரும்பினான். “நான் போய்ச் சொல்லிருதேன். உங்க பேரு கெட வேண்டாம்.”

சுந்தரி உட்கார்ந்தாள். லிஸ்டு நகர்வது அவளுக்குப் புதுச் செய்தி இல்லை. முப்பது விநாடிக்கு ஒரு தடவை அது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளும். புதிதாகச் சேர்ந்த நோயாளி மேலே வருவார், மற்றவர்கள் எல்லாம் ஒரு படி கீழே இறங்குவார்கள். விரல் அமுக்குகிற நொடியில் இறங்கினால் நீங்கள் குறி வைத்த பெயர் வேறு, திறக்கிற பெயர் வேறு. எட்டு மாதத்துக்கு முன்னால் இதை அவள் கம்பெனிக்கு மின்னஞ்சலில் எழுதியிருந்தாள். 'பயனாளருக்குக் கூடுதல் பயிற்சி தேவை' என்று பதில் வந்தது. அந்தப் பதிலை அவள் அழிக்காமல் வைத்திருந்தாள்.

“நீ சொல்லுததுன்னா சொல்லு, நான் தடுக்க மாட்டேன்,” என்றாள். “ஆனா தப்பு பண்ணுனேன்னு சொல்லாத. என்ன நடந்துச்சோ அதை மட்டும் சொல்லு. ஒம்பேரைப் போட்டு இன்னொரு கடுதாசி அடிச்சா, அவனுக லிஸ்டைத் தொடவே மாட்டானுக.”

அன்று மத்தியானமே அவள் தன் கையால் ஒரு விளக்கம் எழுதினாள். தான் அன்றைக்கு லீவில் இருந்ததையும், தன் லாகினைப் பயன்படுத்துகிற ஆறு பேர் யார் யார் என்பதையும், அது யார் உத்தரவு என்பதையும் எழுதினாள். எட்டு மாதத்துக்கு முந்தைய மின்னஞ்சலையும் பதிலையும் அச்சடித்துச் சேர்த்தாள். கடைசி வரியாக, 'விசாரணை ரத்த வங்கியில் இதே கணினியின் முன்னால் நடக்க வேண்டும்' என்று எழுதி, மருத்துவ இயக்குநர் டாக்டர் பாக்கியசீலனின் மேஜையில் நேராகக் கொண்டுபோய் வைத்தாள். குமரகுருபரன் வழியாக அனுப்பவில்லை.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு டாக்டர் பாக்கியசீலன் வந்தார். பின்னாலேயே குமரகுருபரன். நாகர்கோவிலில் இருந்து கம்பெனி ஆள் ஷிபின் மடிக்கணினியோடு வந்திருந்தான். சாரம்மாள் சிஸ்டரை டாக்டரே கூப்பிட்டிருந்தார்.

ஷிபின் முதலில் பேசினான். “எங்க சைடுல எல்லாம் பக்கா சார். லாக்ல யூசர், டைம், எல்லாம் கிளியரா இருக்கு. பாஸ்வேர்டு பாலிசியும் ரொம்ப ஸ்ட்ராங்கு.”

“சிஸ்டர்,” என்று சுந்தரி திரும்பினாள், “என் பாஸ்வேர்டு என்ன?”

சாரம்மாளுக்கு ஒளிக்கத் தெரியாது. “பத்தொம்போதுல்லா? போன மாசம் பதினெட்டு.”

டாக்டர் குமரகுருபரனைப் பார்த்தார். “வார்டு சிஸ்டருக்கு எப்படிய்யா தெரியும்?”

“பைக்கு என்ன நிலவரம்னு பாக்கணும்லா டாக்டர், நாங்களும் இதுலதான் உள்ள போவோம்,” என்றார் சாரம்மாள். “ஏன், சாரே போன வாரம் எங்கிட்டத்தான் கேட்டுட்டுப் போனாவ.”

குமரகுருபரன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

“அப்பம் ஆறு பேருன்னு நான் எழுதுனதே தப்பு,” என்றாள் சுந்தரி. “இந்த ஆஸ்பத்திரியில எத்தனை சண்முகசுந்தரி இருக்கான்னு எனக்கே தெரியலை. டாக்டர், நீங்க இங்கன வந்து உக்காருங்க. பிரிண்டரை அணைச்சு வச்சிருக்கேன், ஒண்ணும் ஆவாது. பயிற்சிக்குன்னு ஒரு வெத்துப் பை நம்பர் போட்டிருக்கேன், பி பாசிட்டிவ். அதை மதார்ங்கிற பி பாசிட்டிவ் நோயாளிக்கு ஒதுக்குங்க.”

டாக்டர் உட்கார்ந்தார். மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பட்டியலில் மதார் பெயரைத் தேடிப் பிடித்தார். வெளி நோயாளிகள் பிரிவு நிறைந்து வழிகிற நேரம். அட்மிஷன் மேல் அட்மிஷன் விழுந்துகொண்டிருந்தது. முதல் தடவை சரியாகத் திறந்தது. “பாத்தீங்களா” என்றான் ஷிபின். “இன்னொரு தடவை,” என்றாள் சுந்தரி. இரண்டாவது தடவையும் சரியாகத் திறந்தது. சுந்தரிக்கு நெற்றியில் வேர்த்தது. “இன்னும் ஒண்ணு டாக்டர்.” மூன்றாவது தடவை அவர் அமுக்கும்போது பட்டியல் ஒரு படி இறங்கியது. ஒரு பெட்டி முளைத்தது. டாக்டர் யோசிக்காமல் ஓகே என்று தட்டினார்.

“இப்பம் அந்தப் பெட்டியில என்ன எழுதியிருந்துச்சு டாக்டர்?”

“வழக்கமா வரதுதானே... நிச்சயமான்னு கேக்கும்.”

“இல்லை. ரத்தப் பிரிவு பொருந்தலைன்னு எழுதியிருந்துச்சு. நீங்க விஜயஸ்ரீங்கிற ஓ பாசிட்டிவ் பொண்ணுக்கு பி ரத்தம் ஒதுக்கிட்டிய.”

சுந்தரி நிறுத்தவில்லை, ஒன்றரை வருடமாக அடக்கி வைத்தது எல்லாம் வந்தது.

“உங்களைக் குத்தம் சொல்லலை. இது ஒரு நாளைக்கு முந்நூறு தடவை நிச்சயமா, நிச்சயமான்னு கேக்கு. பிரிண்டர்ல பேப்பர் இல்லைன்னாலும் அதே பெட்டி, அதே நிறம். ஆள் சாவப் போறான்னாலும் அதே பெட்டி, அதே நிறம். எங்க கை தன்னால ஓகே தட்டுது. அப்படித் தட்டப் பழக்குனது இவங்க. ஆனா தட்டுனவன் பேரு மட்டும் ரிப்போர்ட்ல வருது, பழக்குனவன் பேரு வரமாட்டேங்கு. பூட்டு, சாவி, பாஸ்வேர்டு எல்லாம் யாரைக் காப்பாத்த வச்சிருக்கிய? நோயாளியவா, கம்பெனியவா?”

“மேடம், யூசர் படிச்சுப் பாக்கணும்ல...” என்று ஷிபின் ஆரம்பித்தான்.

“டாக்டரும் படிக்கலைய்யா,” என்றார் டாக்டர் பாக்கியசீலன்.

அப்போதுதான் ஜெபஸ்டின் முன்னால் வந்தான். “செவ்வாய்க்கிழமை அமுக்குனது நான் டாக்டர். இப்பம் நீங்க அமுக்குன மாதிரிதான்.” டாக்டர் அவனிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். “சரிடே, அதையே அப்படியே எழுதிக் கொடு” என்று மட்டும் சொன்னார்.

ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆளுக்கொரு லாகின் கொடுக்க வேண்டும், பட்டியல் நகரக் கூடாது, ரத்தப் பிரிவு எச்சரிக்கை சிவப்பில் வந்து ஓகேயைத் தட்ட முடியாதபடி நிற்க வேண்டும் என்று டாக்டர் உத்தரவு போட்டார். இரண்டு மாதம் ஆகும் என்றான் ஷிபின். “ஆகட்டும்,” என்றாள் சுந்தரி. “அது வரைக்கும் என் பேருல யாரும் உள்ள போக முடியாது.” அன்று சாயங்காலமே பாஸ்வேர்டை மாற்றினாள். எண் இருபது இல்லை. என்னவென்று யாருக்கும் சொல்லவில்லை. அலமாரியில் இருந்த பழைய தடிப் பதிவேட்டை எடுத்துக் கோடு போட்டு, அன்றைக்குத் தேதி எழுதினாள். பை நம்பர், பிரிவு, நோயாளி, பொருத்தியவர் கையெழுத்து, சரிபார்த்தவர் கையெழுத்து. ஆறு பேரும் அதில் தங்கள் தங்கள் பெயரை எழுதினார்கள்.

நான்காம் நாள் குமரகுருபரனிடம் இருந்து மெமோ வந்தது. மென்பொருளைப் பயன்படுத்துவதை அனுமதி இல்லாமல் நிறுத்தியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார். கொண்டுவந்தவரை நிற்க வைத்து, நகலில் 'பெற்றுக்கொண்டேன், ஏற்றுக்கொள்ளவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில், வேலை போனால் என்ன செய்வது என்று வண்ணார்பேட்டை வரை யோசித்தாள். அதற்காக மறுநாள் பதிவேட்டை மூடவில்லை.

இரண்டு மாதம் என்றவர்கள் பத்தொன்பதாம் நாளே வந்தார்கள். காகிதத்தில் வேலை நடந்தால் கம்பெனியின் கணக்கில் ரத்த வங்கி 'பயன்பாட்டில் இல்லை' என்று காட்டுமாம், அது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. ஷிபின் ஆறு லாகின் உருவாக்கிக் கொடுத்தான். பட்டியல் அசையாமல் நின்றது. தவறான பிரிவைப் போட்டுப் பார்த்தாள். திரை சிவந்து, மேலே போக விடாமல் தடுத்தது. ஜெபஸ்டின் முதல் தடவையாகத் தன் பெயரில் உள்ளே போனான்.

ஷிபின் ஒரு படிவத்தை நீட்டினான். எல்லாம் திருப்தியாக இருக்கிறது என்று பயனாளர் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

“மேடம், இதுலயாவது போட்டுருவியள்லா?”

சுந்தரி படிவத்தை வாங்கி, திருப்தி என்ற சொல்லை நேராக ஒரு கோடு போட்டு அடித்தாள். அடியில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுத ஆரம்பித்தாள். மாதாமாதம் பாஸ்வேர்டு மாற்றுவது. பத்து நிமிஷப் பூட்டு. ஒரே பெயரில் இரண்டு நோயாளி இருந்தால் வயதையும் சேர்த்துக் காட்டாதது. அவன் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

“உக்காருங்க தம்பி,” என்றாள் தலை நிமிராமல். “இன்னும் நாலு இருக்கு.”