நாலு மணிக்குள் ஒரு சட்டை

சிறப்பு அணிக்கான பயிற்சி முடிந்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் போர்முனைக்குப் புறப்பட வேண்டும். சொந்தச் சாமான்களை ஆளுக்கொரு தகரப் பெட்டியில் போட்டு நாலு மணிக்குள் ஸ்டோரில் கொடுத்துவிட்டால், வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அணியில் கல்யாணமானவன் ஒருவன்தான். அதனால் அவனுக்குக் குடும்பஸ்தன் என்றே பெயர். அவன் பெட்டியில் முக்கியமாகப் போகவேண்டியது நீலக் கட்டம் போட்ட ஒரு சட்டை. போன ஞாயிற்றுக்கிழமை கிடைத்த மூன்று நிமிடப் போனில் மனைவி கேட்டது.

"பாப்பா உங்க பழைய சட்டையக் கட்டிப்பிடிச்சுக்கிட்டுத்தாங்க தூங்குவா. இப்போ அதுல உங்க வாசனையே போயிடுச்சு. ஒரே சிணுங்கல். போட்டுக் கசக்குன சட்டை ஒண்ணு அனுப்புங்க. தொவைச்சிடாதீங்க."

"அவளுக்கா, உனக்கா?"

"ரெண்டு பேருக்கும்னு வச்சுக்கோங்க," என்றாள்.

அன்றிலிருந்து தினமும் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் தூங்கினான். இன்று மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், சட்டை இஸ்திரி போட்டு, அளவெடுத்தாற்போல் பத்து அங்குலத்துக்கு மடித்து, கட்டில்மேல் இருந்தது. சோப்பு வாசனை மூக்கைத் துளைத்தது.

பக்கத்துக் கட்டில்காரன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். எதைக் கண்டாலும் துவைத்துப் போடுகிறவன், பட்டப்பெயர் சலவை. கால் சுளுக்கென்று காலையில் அறையிலேயே இருந்தவன்.

"கடைசிப் பரிசோதனைடா. அந்தக் கோலத்துல சட்டையப் பாத்தா சார்ஜென்ட் அறை மொத்தத்தையும் மைதானத்துல ஓட விட்டிருப்பாரு. அதான் அலசிப் போட்டேன்."

சட்டை எதற்கென்று குடும்பஸ்தன் சொன்னதும் சலவை தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

மணி இரண்டரை. குடும்பஸ்தன் சட்டையை மாட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கி ஓட ஆரம்பித்தான்.

"யார்ரா அவன், விருந்துக்கு வந்தவனாட்டம்?" சார்ஜென்ட் குரல்.

நின்று, மூச்சு வாங்க, உள்ளதைச் சொன்னான். சார்ஜென்ட் வாட்சைப் பார்த்தார்.

"சீருடை இல்லாம மைதானத்துல நின்னது தப்பு. முப்பது கிலோ மூட்டையத் தூக்கு. பத்து ரவுண்டு. மூணேமுக்காலுக்கு நிறுத்து." நாலடி போய்த் திரும்பினார். "சேத்துல விழுந்து தொலைக்காத. அப்புறம் சேறுதான் நாறும்."

மூன்றே முக்காலுக்குச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக் கிடந்தது. அறைக்கு வந்து கழற்றி முகத்தில் வைத்துப் பார்த்தான்.

"துப்பாக்கி எண்ணெய் வாசனைதான்டா வருது. வீட்ல இருந்தப்போ நான் இப்படியா இருந்தேன்? பாப்பாவுக்கு அடையாளம் தெரியுமா?"

சலவை வாங்கி முகர்ந்து பார்த்தான். "ஆறு மாசமா பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கேன். எண்ணெய் மேலாப்புலதான். அடியில நீதான் இருக்க."

சொல்லும்போதே அவன் கை பழக்கதோஷத்தில் சட்டையைப் பத்து அங்குலத்துக்கு மடிக்கத் தொடங்கியது. குடும்பஸ்தன் பிடுங்கிச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தான்.

ஸ்டோரில் மூடியை அழுத்தினான். சட்டையின் ஒரு கை வெளியே தொங்கியது. அதைப் பிடித்துக்கொண்டே நின்றான்.

"ஆச்சாப்பா?" என்று ஸ்டோர்காரர் இரண்டு தடவை கேட்டார்.