சக்கையும் ஒரு கட்டு வைக்கோலும்

"நாம சாப்பிடறப்போ ஆடு ஏம்ப்பா நம்மளையே பாக்குது?"

போன வருஷம் மகள் கேட்ட கேள்வி. "உன் அழகைப் பாக்குதும்மா" என்று சொல்லிச் சமாளித்தார் ஆட்டுக்காரர். இந்த வருஷம் மழை கைவிட்டது. மேய்ச்சல் நிலம் வழித்துத் துடைத்தாற்போல் கிடந்தது. கதவைச் சாத்திக்கொண்டுதான் இப்போது அவரால் ஒரு வாய் சாப்பிட முடிந்தது. மழை வரும்வரை மந்தையை உயிரோடு வைத்திருந்தால் பிழைத்தார். இல்லையென்றால் குடும்பம் நடுத்தெருவில்தான்.

பழச்சாறு ஆலையின் லாரிக்காரன், ஊரே 'ஹாரன்' என்று கூப்பிடுகிறவன், ஒருநாள் வாசலில் வண்டியை நிறுத்தினான்.

"அண்ணே, பிழிஞ்ச ஆப்பிள் சக்கைய தினம் குழியில கொட்டுறேன். ஈதான் தின்னு கொழுக்குது. உங்க வாசல்ல கொட்டவா?"

"ஆடு தின்னுமா?"

"என் மூஞ்சிய ஏன் பாக்குறீங்க? அதுங்களையே கேளுங்க."

ஈரச் சக்கை குவியலாக விழுந்தது. இனிப்பும் புளிப்பும் கலந்த வாசனை பரவ, பட்டியில் அத்தனை தலைகளும் திரும்பின.

அந்த ஆலையிலேயே அழுகல் பழம் பொறுக்கும் அடுத்த வீட்டு அக்கா வேலியோரம் வந்து நின்றாள். அவளுக்கு இருப்பது ஒரே ஒரு சினை ஆடு.

"தம்பி, காஞ்ச வயிறு. ஒரு கை மட்டும் அள்ளி வை, வைக்கோலோட கலந்து. நாளாக ஆகக் கூட்டிக்கலாம். எடுத்த எடுப்புல விருந்து வெச்சிடாத."

"சரிக்கா" என்றார். ஒரு கைதான் வைத்தார். நக்கி முடித்த ஆடுகள் நிமிர்ந்து அவரையே பார்த்தன. மகளின் கேள்வி நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. பாவம், ஒரு வேளையாவது வயிறாரத் தின்னட்டுமே என்று பட்டியைத் திறந்துவிட்டார்.

விடிந்தபோது வயிறு உப்பி, பல்லை நறநறவென்று கடித்தபடி ஆடுகள் சாய்ந்து கிடந்தன. தூக்கி நிறுத்தினார், விழுந்தன. வயிற்றைத் தேய்த்தார். கடவுளைக் கூப்பிட்டார். உச்சி வெயிலுக்குள் பட்டி பாதிக்குமேல் காலி.

"வயிறு நெறஞ்சுதானேப்பா இருந்துச்சு, அப்புறம் ஏன் செத்துச்சு?" என்றாள் மகள். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழி தோண்டப் போனார்.

அக்கா வந்தாள். தன் ஆட்டின் பேறுகாலத்துக்கென்று பத்திரப்படுத்தியிருந்த கடைசி வைக்கோல் கட்டை இறக்கி வைத்தாள்.

"மிச்சத்தைக் காப்பாத்து. சக்கைப் பக்கமே விடாத."

"உன் ஆட்டுக்குக்கா?"

"சக்கையக் காயவெச்சு ஒவ்வொரு கையாக் கொடுத்துக்கறேன். வெயிலுக்கா பஞ்சம்?"

பாழாய்ப்போன வானம் அந்த வாரம் பார்த்து மூடிக்கொண்டது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. அவள் பரப்பிய சக்கை பூசணம் பிடித்தது. அரைப்பட்டினி கிடந்த ஆடு குட்டியைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடியது. தாயில்லாக் குட்டி, அவள் ஊட்டிய புட்டிப்பாலைத் துப்பியது.

ஆட்டுக்காரரின் பட்டியில் வைக்கோலால் பிழைத்தவை மூன்றே. அதில் ஒன்று பால் சுரக்கும் பால்மடி ஆடு. அதன் குட்டி மற்ற ஆடுகளோடு அன்றே செத்துப்போயிருந்தது. மூன்றையும் நாளைக்கு ஓட்டிப்போவதாக வியாபாரி சொல்லியிருந்தான். அதன்பிறகு ஆட்டுக்காரர், ஆடில்லாத ஆட்டுக்காரர். ஆலையில் சக்கை அள்ள வரச் சொல்லியிருந்தார்கள்.

அக்கா வேலைக்குப் போனதும், மகள் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தில், பால்மடி ஆட்டைப் பிடித்துக்கொண்டு வேலியைத் தாண்டினார். ஆடு அக்காவின் தாயில்லாக் குட்டியை மோந்து பார்த்து உதைத்துத் தள்ளியது. அவர் திரும்பிப் போய், வாசலில் எஞ்சிக் கிடந்த சக்கையில் ஒரு சிட்டிகை எடுத்துவந்தார். குட்டியின் முதுகில் தடவினார்.

ஆடு நக்கியது. இனிப்புத் தீர்ந்த பிறகும் நக்கிக்கொண்டே இருந்தது. குட்டி தடுமாறி எழுந்து மடியைத் தேடியது. மடி கிடைத்ததும் அதன் வால் துடித்தது.

ஆட்டின் கயிற்றை அக்கா வீட்டு முளைக்குச்சியில் கட்டினார். அவள் கொடுத்ததில் மீதியிருந்த வைக்கோலைக் கொண்டுவந்து தொட்டியில் போட்டார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, வியாபாரியிடம் இரண்டுதான் என்று சொல்ல நடந்தார்.