பிழையில் பாதிப் பங்கு

யாகோப்புக்குப் பிழையை ஒப்புக்கொள்வது கொட்டாவி விடுவது மாதிரி. வாய் தானாகத் திறந்துவிடும். மழை வந்து முற்றத்துக் கருவாடு நனைந்தாலும் "என்ரை பிழைதான்" என்பார். நல்ல குணம் என்று நம்பித்தான் யோசப்பின் அவரைக் கட்டினாள். இந்தக் குணத்தோடு ஒரு மனுசன் கடலுக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், கந்தோர், நீதிமன்றம் என்று அலுவலகப் பக்கம் மட்டும் போகக்கூடாது என்பது கட்டிய பிறகுதான் விளங்கியது.

இப்போது வழக்குக்கே போகவேண்டி வந்துவிட்டது.

அரபு நாட்டில் எண்ணெய் வயலில் வேலை செய்தவர். நிலத்துக்கடியிலிருந்து எண்ணெய் இழுக்கிற பெரிய பம்புகள் அங்கே நாள் முழுக்கத் தலையாட்டிக்கொண்டு நிற்கும். கூலியைக் கூட்டிக் கேட்டால் கம்பனிக்காரன் மட்டும் தலையாட்ட மாட்டான். பம்பைச் சுழற்றுகிற பெல்ற்றை இரும்புக்கூடு போட்டு மூடியிருக்க வேண்டும். அன்றைக்குக் கூடு இல்லை. பக்கத்தில் நின்று மண் அள்ளிய யாகோப்பின் சட்டைக்கையைப் பெல்ற் பிடித்து இழுத்தது. வலக்கையில் இரண்டு விரல் போயிற்று.

ஆசுப்பத்திரிக்கு, வேலையை மேற்பார்க்கிற போமன் கிறிஸ்ரோபர் வந்தான். ஆள் பாசையூர். யாகோப்பின் குருநகருக்குப் பக்கத்து ஊர்தான், ஆனால் குருநகரில் கேட்டால் தூரம் என்பார்கள். "என்ன யாகோப்பு, எப்பிடி நடந்தது?" என்று கேட்டான். கையில் போன் இருந்தது.

"எல்லாம் என்ரை பிழைதான் அண்ணை" என்றார் இவர், கட்டுப் போட்ட கையோடு.

போன் அதைப் பிடித்தது. போனைக் கம்பனி பிடித்தது. கூட்டைக் கழற்றியதே இவர்தான், தன் வாயாலேயே சொல்லிவிட்டார், நட்டஈடு கிடையாது என்று விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கடலில் கயிறு இழுத்த கை இப்போது தேத்தண்ணிக் கோப்பையையே யோசித்துத்தான் பிடிக்கிறது.

யாழ்ப்பாணம் பட்டணத்தில் ரேச்சல் என்றொரு சட்டத்தரணி இருப்பதாகப் பங்குச் சுவாமிதான் சொல்லிவிட்டார். மானிப்பாயில் மிஷன் பள்ளிக்கூடத்துக் குடும்பம். யோசப்பினுக்குச் சட்டத்தரணிகளில் நம்பிக்கை இல்லை. சுவாமியிடம் பாவம் சொல்லாமலே மோட்சம் போகப் பார்க்கிற புரட்டஸ்தாந்துகளில் அதைவிட இல்லை. ஆனாலும் போனாள்.

"மூண்டு வழி இருக்கக்கா" என்றாள் ரேச்சல். "வெளிநாட்டு வேலைக்குப் பதிஞ்சு போன ஆக்களுக்குக் காப்புறுதி இருக்கு. ஐயா பதிஞ்சே போனவர்?"

"இவர் தன்ரை வள்ளத்தையே பதியாத மனுசன், பிள்ளை."

"சரி, அனுப்பின ஏஜென்சியைக் கேப்பம்."

"கேக்கலாம். அந்தக் கடையிலை இப்ப கோழிப் பொரியல் விக்கினம்."

ரேச்சல் சிரித்துவிட்டாள். சிரிக்கிற சட்டத்தரணியை யோசப்பின் அப்போதுதான் கண்டாள். பரவாயில்லை போலிருந்தது.

"அப்ப ஒரு வழிதான் மிச்சம். அந்த நாட்டுத் தொழில் நீதிமன்றம். இஞ்சை என்ரை கொம்பியூட்டருக்கு முன்னாலை இருந்தே கதைக்கலாம். பெல்ற்றை மூடி வைக்கிறது கம்பனியின்ரை பொறுப்பு. ஐயா கொஞ்சம் கவனமில்லாமல் நிண்டிருந்தாலும் காரியமில்லை. வேணுமெண்டு கூட்டைக் கழட்டினவர் எண்டு தீர்ப்பானால்தான் ஒண்டும் கிடையாது. ஐயா, கூட்டைக் கழட்டினது ஆர்?"

"நானில்லை. அது கொஞ்ச நாளா வேலிக்கரையிலை கிடந்தது."

"பிறகேன் பிழை உங்கடை எண்டு சொன்னனீங்கள்?"

யாகோப்பு அவளை அதிசயமாகப் பார்த்தார். "அதுதானே பிள்ளை முறை."

முறையை யோசப்பின்தான் விளக்கவேண்டி வந்தது. குருநகர்க் கரையில் ஒருவன் வள்ளம் ஓடி இன்னொருவன் வலை அறுந்தால் அவர்கள் பொலிசுக்குப் போகமாட்டார்கள். சுவாமிக்கு முன்னால் போய் நிற்பார்கள். வலைக்காரன் முதலில், "வெளிச்சம் வைக்காதது என்ரை பிழை" என்பான். உடனே வள்ளக்காரன், "பாக்காமல் ஓடினது என்ரை பிழை" என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் கரையில் ஒருவரும் அவனோடு கதைக்கமாட்டார்கள்.

"நல்ல முறைதான்" என்றாள் ரேச்சல். "ஆனா கம்பனியிலை ஒருத்தர் ஒத்துக்கொண்டால் மற்றவர் சந்தோசமா வீட்டை போயிடுவார் ஐயா. உங்கடை பாவசங்கீர்த்தனத்தைக் கோயிலிலை வைச்சிருங்கோ. அங்கை ஓம், இல்லை, அவ்வளவுதான்."

வழக்கு நாள் வரைக்கும் யோசப்பின் அவரைப் பழக்கினாள். மீன் வெட்டிக்கொண்டே கேட்பாள்.

"கூட்டைக் கழட்டினது ஆர்?"

"நானில்லை."

"பிழை ஆற்றை?"

"என்ரை... இல்லை, என்ரை இல்லை."

"இஞ்சருங்கோ, ஒரு கிளிப்பிள்ளை வாங்கியிருந்தால் இவ்வளவுக்குப் பாடமாக்கியிருக்கும்."

"ஓமடியப்பா, உனக்கு வாய்ச்சது நான். அதுவும் என்ரை பிழைதான்."

வழக்கு நாளில் கொம்பியூட்டருக்குள் ஒரு நீதிபதி இருந்தார். பக்கத்தில் தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளர். இன்னொரு கட்டத்துக்குள் கம்பனியின் வக்கீலும் கிறிஸ்ரோபரும். கிறிஸ்ரோபர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தான். கட்டிவிட்டவன் கம்பனிக்காரனாகத்தான் இருக்கவேண்டும், அப்படி இறுக்கியிருந்தது.

போனில் பிடித்ததைப் போட்டுக் காட்டினார்கள்.

"இது உங்கள் குரலா?"

"ஓம்."

"பிழை உங்களுடையதா?"

யோசப்பின் மேசைக்குக் கீழே அவர் தொடையில் கிள்ளினாள். நண்டு கிள்ளினாலும் அசையாத மனுசன்.

"ஓம் ஐயா" என்றார்.

ரேச்சல் கண்ணை மூடிக்கொண்டாள். இந்த ஆளைக் கட்டிய நாளையும், கட்டிவைத்த சுவாமியையும், தன் தகப்பனையும் யோசப்பின் வரிசையாக நினைத்துக்கொண்டாள்.

"சட்டைக்கையை மடிச்சுவிடாமல் நிண்டது என்ரை பிழை" என்று யாகோப்பு தொடர்ந்தார். "அது என்ரை பங்கு. அதை ஆசுப்பத்திரியிலையே சொல்லிப்போட்டன். கிறிஸ்ரோபர் அண்ணை, நீங்கள் உங்கடை பங்கைச் சொல்லாமல் போனை நிப்பாட்டிப்போட்டுப் போயிட்டியள். நான் இன்னும் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

மொழிபெயர்ப்பாளர் அதை அரபியில் சொல்லி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. கிறிஸ்ரோபருக்கு அரபி தேவைப்படவில்லை. கம்பனி வக்கீல் அவன் காதுக்குள் ஏதோ சொன்னான். அவன் கழுத்துப்பட்டியைத் தளர்த்தினான். யோசப்பின் தினம் மண் அள்ளித் தூற்றித் திட்டிய ஆள். இப்போது பார்த்தால் முகம் வெயிலில் போட்ட திருக்கை மாதிரிச் சுருங்கிக் கிடந்தது.

"பெல்ற் மாத்தக் கூட்டைக் கழட்டச் சொன்னது நான்தான்" என்றான். "திருப்பிப் பூட்டுறதெண்டால் பம்பை நிப்பாட்டவேணும். கம்பனி விடேல்லை. நானும் ஓமெண்டு இருந்திட்டன். அது என்ரை பிழை, யாகோப்பு."

வக்கீல் எழும்பிக் கத்தினான். நீதிபதி கையைக் காட்டி இருத்திவிட்டு எழுதினார். பிறகு சொன்னார்: கூட்டைக் கழற்றியது இந்தத் தொழிலாளி இல்லை. மூடாத பெல்ற்றை ஓடவிட்டது கம்பனி. நட்டஈடு கொடுக்கத்தான் வேண்டும், தொகை வைத்திய அறிக்கையைப் பார்த்துத் தீர்மானிக்கப்படும்.

யோசப்பின் சிலுவை போட்டாள். ரேச்சல் மேசைக்குக் கீழே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொழிலாளி வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?" என்று நீதிபதி கேட்டார்.

யாகோப்பு கதிரையை முன்னுக்கு இழுத்தார். "ஓம் ஐயா. கிறிஸ்ரோபர் அண்ணையிலையும் முழுப் பிழை எண்டு சொல்லேலாது, உண்மையிலை நான்..."

யோசப்பின் மீன் வாடை போகாத கையால் அவர் வாயைப் பொத்தினாள்.

"இல்லை ஐயா" என்றாள் கொம்பியூட்டரைப் பார்த்து. "இவருக்கு ஒண்டும் சொல்ல இல்லை."