ஊதா வில்லை

திரும்பி வந்த கோழிப் பொட்டலங்களை ஷவ்கிய்யா ஒவ்வொன்றாக எடுத்து வெந்நீர்த் தொட்டியில் முக்கினாள். மூலையில் ஒட்டியிருந்த வட்டமான நிற வில்லை சற்று இளகியதும், கத்தியின் மழுங்கிய முனையை அடியில் கொடுத்து நெம்பினாள். சனியன், அத்தனை சீக்கிரத்தில் வந்துவிடுகிறதா! நகக்கண்ணெல்லாம் பசை. சுரண்டிய இடத்தில் பிளாஸ்டிக் தாள் வெள்ளையாய்ப் பூத்துப்போயிற்று.

வில்லை மஞ்சளாக இருந்தால் கோழி நல்ல கோழி. இறைச்சியில் கெட்ட கிருமி பெருகினால் அது ஊதாவாகிவிடும். கெய்ரோவின் பெரிய கடைகளில் சனங்கள் விலையைப் பார்ப்பதற்கு முன்னால் வில்லையைத்தான் பார்த்தார்கள். யாரும் தொடாத ஊதாப் பொட்டலங்கள் எல்லாம் லாரியேறி, மன்சூராவைத் தாண்டி இருந்த இந்த ஆலைக்கே வந்தன. அவை கடைசியில் சேரும் இடம் பின்கட்டில் இவளுடைய மேசை.

"தூக்கிப் போடப் போற கோழிக்கு வில்லையை எதுக்கு உரிக்கணும்?" என்று முதல் நாளே கேட்டுவிட்டாள்.

மேற்பார்வை பார்க்கும் உஸ்தாத் வஜ்தி சிரித்தார். "இது நாய்த்தீனி ஆலைக்குப் போகுதும்மா. நாய் என்ன நிறம் பார்த்தா திங்கும்? வாயை விட்டுட்டுக் கையைப் பாரு."

அவளும் வாயை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தாள். வேறு வழி? புருஷன் மெத்வல்லி கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடக்கிறான். வீட்டில் அடுப்பு எரிவது இவள் ஒருத்தி கையால்தான். இவள் ஆலையில் இருக்கும் பொழுதெல்லாம் அவனைப் புரட்டிப் படுக்கவைப்பதும், துடைத்துவிடுவதும் எதிர்வீட்டுத் தவ்ஹீதா. காசுக்கா செய்கிறாள்? கூடப் பிறந்தவள்கூட அப்படிச் செய்ய மாட்டாள்.

நோன்பு பிறந்ததும் ஆலை முதலாளி ஹாஜியாரின் வண்டி சந்துக்குள் வந்தது. வீட்டுக்கு ஒரு நோன்புப் பை. அரிசி, எண்ணெய், சர்க்கரை, பேரீச்சம்பழம், இந்த வருஷம் அதிசயமாக ஒரு முழுக் கோழி. பையை வாங்கும்போது முகத்தைக் காட்டச் சொல்லிப் படம் பிடித்தார்கள். தவ்ஹீதா பல் தெரியச் சிரித்தபடி நின்றாள். "ஹாஜியாரோட குடும்பம் நல்லா இருக்கணும்" என்று மனதார துஆ செய்தாள்.

ஷவ்கிய்யா வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தாள். கோழியின் மேல் தாளில், மூலையில், வெள்ளையாகப் பூத்த ஒரு வட்டம். கத்தி இழுத்த கோடுகள்கூட அப்படியே இருந்தன. அவளுடைய கை வேலை அவளுக்குத் தெரியாதா?

"என்னடி பேயறைஞ்ச மாதிரி நிக்கறே?" என்றான் மெத்வல்லி.

சொன்னாள்.

"நம்மளதைக் குப்பையில போடு."

"மத்தவங்க?"

"போய்ச் சொல்லு. நாளைக்கு உன்னைத் துரத்திருவானுங்க. அப்படியே என்னையும் தூக்கிக் கால்வாயில போட்டுரு."

மனசு கேட்கவில்லை. கோழியைக் கறுப்புப் பைக்குள் சுருட்டி எறிந்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போனாள். தவ்ஹீதா முழங்கை வரை மாவாக இருந்தாள். அந்த ஊரில் கோழியை அப்படியே சட்டியில் போடுகிறவள் பெண்ணே இல்லை. மாவும் உப்பும் போட்டுத் தேய்த்து, எலுமிச்சையும் காடியும் ஊற்றி அலசி எடுத்தால் எந்தக் கசடும் நிற்காது என்பார்கள். வாசற்படியில் அவளுடைய மகள் ஸஃபா, ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாடி, வா. எங்க ராணிக்குக் கோழி சாப்பிடணும்னு ஆசை. வயித்துல இருக்கறது எட்டி எட்டி உதைக்குதாம். எதைக் குடுக்கறதுன்னு முழிச்சிட்டிருந்தேன், அல்லாவே அனுப்பி வச்சிட்டான் பாரு!"

"எம் மேல பழியைப் போடாதே உம்மா. ஆசை உனக்கு" என்றாள் ஸஃபா.

ஷவ்கிய்யா சட்டியை எட்டிப் பார்த்தாள். "தவ்ஹீதா... அதை... நல்லா கழுவினியா?"

"ஏன்டி, எனக்கே பாடமா? மூணு தடவை மாவு போட்டுத் தேய்ச்சாச்சு. மோந்து பாரு, எலுமிச்சை வாசம்தான் வருது."

முகர்ந்து பார்த்தாள். எலுமிச்சை வாசம்தான் வந்தது. அலசியாயிற்று, இனிக் கொதிக்கவும் போகிறது, அப்புறம் என்ன ஆகிவிடும் என்று தன்னையே சமாதானம் பண்ணிக்கொண்டாள். "நல்லா வேக வை" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினாள். நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு கேட்டபோது எதிர்வீட்டிலிருந்து ஏலக்காயும் கோழிச்சாறுமாக மணந்தது. பாவி, ஓடிப் போய்த் தட்டிவிட்டிருக்கலாம். ஓடவில்லை.

விடியுமுன் சாப்பிடும் சஹர் நேரத்தில் ஸஃபாவுக்கு வாந்தி ஆரம்பித்தது. விடிந்தபோது காய்ச்சல் கொதித்தது. சந்தில் இன்னும் சிலருக்கும் வயிற்றைக் கலக்கியது. நோன்பில் இது புதிதா என்று அவர்கள் சீரகம் வேகவைத்துக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸஃபாவைக் காப்பாற்றிவிட்டார்கள். குழந்தை தங்கவில்லை.

சுகாதார அதிகாரி விசாரிக்க வருகிறார் என்று தெரிந்ததும் உஸ்தாத் வஜ்தி ஷவ்கிய்யாவைத் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"நீயும் அதே சந்துதானே. உள்ளதை ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "மெத்வல்லி எப்படி இருக்கான்? பாவம், உன்னை விட்டா அவனுக்கு யாரு?" என்று விசாரித்தார்.

ஸஃபா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கையில் சொட்டு மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. தவ்ஹீதா கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கிக் கிடந்தது.

"உங்க வீட்டுக்கும் அதே கோழிதான் வந்துதா?" என்று அதிகாரி ஷவ்கிய்யாவிடம் கேட்டார்.

"ஆமாங்க."

"சாப்பிட்டீங்களா?"

வஜ்தி தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். தவ்ஹீதா தலை நிமிர்ந்து இவளையே பார்த்தாள்.

"சாப்பிட்டோம்" என்றாள் ஷவ்கிய்யா. "எங்களுக்கு ஒண்ணும் ஆகலைங்க."

அதிகாரி தவ்ஹீதா பக்கம் திரும்பினார். "சமைச்சது நீதானே? கையைக் காட்டும்மா."

நீட்டினாள். கட்டைவிரலில் ஒரு துணிக்கட்டு, ஓரத்தில் சீழ் ஊறியிருந்தது.

"இதோ. இப்படிப் புண்ணோட சமைச்சாலும் சாப்பாட்டுல விஷம் ஏறும். படிக்காத சனம், சொன்னா எங்க கேக்குது!" என்றார் அதிகாரி.

அவரும் வஜ்தியும் பேசிக்கொண்டே வெளியே போனார்கள். தவ்ஹீதா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதாவது சொல்லிவிடலாம் என்று ஷவ்கிய்யா வாயைத் திறந்தாள். போர்வையை இழுத்து ஸஃபாவின் காலை மூடிவிட்டாள்.

"தண்ணி" என்றாள் ஸஃபா, திரும்பாமலே.

தவ்ஹீதா பதறி எழுந்து தம்ளரைத் தொடப் போனாள். தொடாமல் நின்றுவிட்டாள். இரண்டு கைகளையும் கறுப்பு அங்கிக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள்.

"நீ குடுடி ஷவ்கிய்யா. உன் கை சுத்தம்."

ஷவ்கிய்யா தம்ளரை எடுத்தாள்.