அடிப்பிடித்த பசை

ரங்கநாதன் தெருவுக்குப் பின்னால், மாம்பலம் ஸ்டேஷன் அறிவிப்பெல்லாம் காதில் விழுகிற சந்தில், இரண்டாவது மாடியில் இருந்தது சுப்புராயனின் நகைப்பெட்டிப் பட்டறை. தீபிகா ஸ்டூல் மேல் நின்று மைதாப் பசை கிண்டிக்கொண்டிருந்தாள். மற்ற பிள்ளைகள் அட்டைக்கு வெல்வெட் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்டிப் பெருக்க வரும் சுலோச்சனா துடைப்பத்தைத் தரையிலும் காதை வாசலிலும் வைத்திருந்தாள். குழந்தைகள் உதவி எண்ணுக்குப் போன் போட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. பிள்ளைகள் மாயமானார்கள்.

மிகையில்லை. சுப்புராயன் அதற்காக உழைத்திருந்தார். அவ்வப்போது வெளியே போய்த் தலையைப் படிய வாரிக்கொண்டு, அதிகாரி வேஷத்தில் திரும்பி வந்து கதவைத் தட்டுவார். "வாங்க கண்ணுங்களா, பள்ளிக்கூடம் போலாம்" என்று தேனொழுகக் கூப்பிடுவார். ஒருமுறை பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து விசிறியால் வாசனையை வீசினார். நம்பி வெளியே வந்த பிள்ளைக்கு ஒரு கையில் இரும்பு ஸ்கேலால் அடி. அதன் பிறகு யாரும் ஏமாறவில்லை. பசை அடிப்பிடித்தாலும் அதே ஸ்கேல்தான். அதற்கு மட்டும் இரண்டு கைக்கும்.

வந்தவள் நீரஜா, குழந்தைகள் நல அதிகாரி. கூட ஒரு போலீஸ்காரர். சுப்புராயன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பட்டறையில் தானும் பெருக்க வரும் இந்தம்மாவும்தான் என்றார். கூரை வரை அடுக்கிய அட்டைப்பெட்டிகளைக் காட்டி, எல்லாம் கடைக்குப் போகிற சரக்கு, பிரித்தால் வெல்வெட் பாழாகும் என்று வருத்தப்பட்டார்.

நீரஜா பெட்டிகளின் முன் குனிந்தாள். "வாங்க கண்ணுங்களா, பள்ளிக்கூடம் போலாம்."

எழுத்துப் பிசகாமல் அதே வசனம். பெட்டிகள் மூச்சுகூட விடவில்லை.

இவர்கள் வெறுங்கையோடு போனால் சுப்புராயன் பிள்ளைகளை வேறு ஊருக்கு வண்டியேற்றிவிடுவார். ஒரு விரலை நீட்டினால் போதும். ஆனால் சுலோச்சனா குடியிருந்த அறையும் சுப்புராயனுடையது. விரல் எழும்பவில்லை.

"போலாம் மேடம்" என்றார் போலீஸ்காரர்.

ஒளியப் போகும் அவசரத்திலும் தீபிகா அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுத்தான் போயிருந்தாள். சுலோச்சனா பெருக்கிக்கொண்டே அடுப்பருகே போனாள். புறங்கையால் திருகைத் திருப்பித் தீயைக் கூட்டினாள். பிறகு பெருக்கிய இடத்தையே பெருக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் நாற்றம் கிளம்பியது. "இன்னாமே, பசை தீயுது. அணை அத" என்றார் சுப்புராயன்.

"தோ அணைக்கிறேன் மொதலாளி" என்று ஓடிப்போய் முழுத் தீயாக வைத்தாள். பார்ப்பதற்கு அணைக்கும் பதற்றம்போல் தெரிந்தது.

புகை எழுந்தது. அடிப்பெட்டி ஒன்று அசைந்து, மூடி திறந்தது. தலையெல்லாம் வெல்வெட் தூசியோடு தீபிகா ஓடிவந்தாள். யாரையும் பார்க்கவில்லை. ஸ்டூல் மேல் ஏறி அடுப்பை அணைத்து, கரண்டியால் அடியைச் சுரண்டினாள்.

"கொஞ்சந்தான் புட்ச்சிகீது மொதலாளி. மேலாப்புல நல்லாத்தான் கீது."

சொல்லிவிட்டுக் கண்ணை மூடி, இரண்டு கைகளையும் நீட்டினாள்.

ஜாமீனில் வந்த சுப்புராயன் அடுத்த சந்திலேயே இடம் பிடித்தார். அடுப்பை அணைக்க ஓடிய விசுவாசத்துக்காகச் சுலோச்சனாவையே மறுபடி வேலைக்குக் கூப்பிட்டார். அவர் நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் துடைப்பம் நழுவியது.

ஒரு மத்தியானம் வேலைக்குப் போகும் வழியில் மாநகராட்சிப் பள்ளி ஜன்னலை எட்டிப் பார்த்தாள். சத்துணவுக் கூடத்தில் சாம்பார் அடிப்பிடித்து, நாற்றம் வகுப்பு வரை வந்திருந்தது. பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். டீச்சர் புதுப் புத்தகம் கொடுத்துக்கொண்டே கடைசி பெஞ்சுக்கு வந்தார். அங்கே தீபிகா கண்ணை மூடி, இரண்டு கைகளையும் நீட்டியிருந்தாள். அவசரக்காரி என்று சிரித்தபடி, டீச்சர் புத்தகத்தை இடது கையில் வைத்தார்.

தீபிகாவின் தோள் ஒருமுறை தூக்கிப்போட்டது. கண் திறக்கவில்லை. வலது கை இன்னும் நீட்டியபடியே இருந்தது.